எழினி என்னும் பெயருடையார்

(நாமக்கல்லில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தாம் தேடிய பொருளில் ஒரு பகுதியை மூலதனமாக ஒதுக்கி, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஓர் அவையைக் கூட்டித் தமிழ் நூல்களைப் பற்றிச் சிந்திக்கச் செய்வது உயர்ந்த தருமம். அத்தருமத்தின் பயனாகக் கூடிய இந்த அவையில், எல்லோரும் அறிந்த பேரரசரையும் காப்பியத் தலைவரையும் பற்றிப் பேசாமல், சங்கநூல்களில் ஓரிரு அடிகளில் தோன்றி மறைகின்ற, அதிலும் ஒரே பெயரைத் தாங்கியதனால் ஒருவரோடொருவர் கலந்து காணாமற்போகின்ற சிற்றரசர் சிலரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். எழினி என்பது அவர்கள் பெயர். அப்பெயருக்கும் நாம் அமர்ந்திருக்கும் இந்தச் சமவெளிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவர்களுட் பலரோடு தொடர்புடைய தகடூர் இன்றைய தருமபுரி. அது 1965-ஆம் ஆண்டு வரையில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாமக்கல்லும் 1997-இல்தான் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. ஆகவே ஒரே வீட்டுப் பழங்கதையையே நாம் இன்று பேசப் போகிறோம்.

பெயர் மீளும் வழக்கம்

பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் நாட்டு வழக்கம். ஓர் ஊரில் ஒரு குடும்பத்தின் பங்காளிகள் நால்வர் தம் மூத்த மைந்தர்க்குப் பாட்டன் பெயரையே சூட்டினால், அத்தெருவில் ஒரே பெயருடைய பிள்ளைகள் நால்வர் வளர்வார்கள். ஊரார் அவர்களை மேலவீட்டான், கீழவீட்டான், நெட்டையன், கட்டையன் என்று அடைகொடுத்து வேறுபடுத்திக் கொள்வார்கள். அவர்களோடு வாழ்ந்தவர்க்கு மயக்கமே நேராது. அந்தத் தலைமுறை மறைந்து, அடைமொழி உதிர்ந்து, பெயர் மட்டும் ஏட்டில் எஞ்சி நிற்கும் காலத்திலேதான் மயக்கம் தொடங்குகிறது. அப்போது நால்வரும் ஒருவராகிவிடுகின்றனர். அந்த ஒருவருக்கும் நால்வருடைய செயல்களும் ஏற்றப்படுகின்றன. ஆராய்ச்சியாளரோ அவர் எவ்வாறு நூறாண்டு வாழ்ந்தார் என்று வியந்து கொண்டிருக்கின்றனர்.

இந்த இடர்ப்பாடு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்கரின் பழங்கதைகளைப் பயின்றோர் இதனை நன்கு அறிவர். ஹோமரின் இலியட் என்னும் காப்பியத்தில் ஏஜாக்ஸ் என்னும் பெயருடைய வீரர் இருவர், ஒரே படையில், பல இடங்களில் தோளோடு தோள் நின்று பொருகின்றனர். ஒருவன் தெலமோனின் மகன், கோட்டைச் சுவர் போன்ற கேடயம் ஏந்திய பேருருவினன். மற்றவன் ஓயிலியஸின் மகன், உருவிற் சிறியவன், ஓட்டத்திலும் வேலெறிவதிலும் வல்லவன். முன்னவன் மானத்தால் தன் வாளிலேயே வீழ்ந்து மாண்டான். பின்னவன் தெய்வ நிந்தனை செய்து கடலில் அழிந்தான் என்பது கிரேக்கர் கூறும் வரலாறு. தந்தை பெயராலும், உருவாலும், சாவாலும் அவ்விருவரையும் அவர்கள் வேறு பிரித்து வைத்தனர்.

பெரிய வீரர்க்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்தது, சிறியவர்க்குக் கிடைக்கவில்லை. டிராய் நகரின் பக்கத்தில் நின்ற அட்ராஸ்டஸ் என்னும் பெயரினர் அக்காப்பியத்தில் மூவர். ஒருவன் வருவதுரைக்கும் நிமித்திகன் ஒருவனின் மகன். தந்தை தடுத்தும் கேளாமல் போர்க்களம் புகுந்து மாண்டான். ஒருவனுடைய தேர் புதரிற் சிக்கிக் கவிழ, அவன் கிரேக்கத் தலைவன் மெனலாஸின் முழங்காலைப் பற்றி உயிர்ப்பிச்சை கேட்கிறான். மெனலாஸ் மனம் இளகும் வேளையில் அகமெம்னன் வந்து அவனைக் கொன்றுவிடுகிறான். மூன்றாமவனோ பத்ரோக்ளஸ் கொன்ற வீரர்களின் வரிசையில் ஒரு பெயராக மட்டும் வந்து போகிறான். இவர்கள் போதாரென்று, அதே பெயருடைய ஆர்கோஸ் நகரத்து மன்னன் ஒருவன் வேறொரு போரின் தலைவனாகப் பிரசித்தி பெற்றிருக்கிறான். அட்ராஸ்டஸ் என்றவுடன் கற்றோர் நினைவுக்கு வருபவன் அந்த மன்னனே; முழங்காலைப் பற்றி அழுத அந்த எளியவனை நினைப்பார் அரியர்.

இன்னும் ஒரு விசித்திரம். பைலமெனீஸ் என்னும் தலைவன் ஐந்தாம் படலத்தில் மெனலாஸின் வேலால் இறந்துபடுகிறான். பதின்மூன்றாம் படலத்திலோ, தன் மகன் ஹார்பாலியனின் உடலைத் தோழர் எடுத்துச் செல்ல, கண்ணீர் உகுத்துக்கொண்டு உடன் நடக்கிறான். இறந்தவன் எவ்வாறு அழுதான் என்ற வினாவுக்குப் பண்டை உரைகாரர் கூறிய விடைகளுள் ஒன்று, அப்பெயருடையார் இருவர் என்பது. கி.மு. முதல் நூற்றாண்டில் மக்னீசியா ஊரினனாகிய தெமெத்ரியஸ் என்பவன், ஒரே பெயருடைய புலவரையும் நூலாசிரியரையும் வேறு பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு நூல் இயற்றினான் என்றால், அந்நாட்டில் இம்மயக்கம் எவ்வளவு பெருகியிருந்தது என்பதை நாம் ஊகிக்கலாம்.

தொகுத்தோர் செய்த உபகாரம்

நம்முடைய எட்டுத்தொகையைத் தொகுத்த சான்றோரும் இந்த அபாயத்தை உணர்ந்தே இருந்தனர். கிள்ளிவளவன் என்னும் பெயருடைய சோழர் இருவரை, ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சியவன் என்றும் மற்றவன் குராப்பள்ளித் துஞ்சியவன் என்றும் அவர்கள் இறந்த இடத்தை அடையாக்கிப் பிரித்தனர். நெடுஞ்செழியர் பலருள் ஒருவனை ஆரியப்படை கடந்தவன் என்றும், ஒருவனைத் தலையாலங்கானத்துச் செருவென்றவன் என்றும், செய்த போரால் பிரித்தனர். புலவர்களிலோ ஊரும் தொழிலும் தந்தை பெயரும் அடையாக வந்தன; கணக்காயனாரின் மகன், பொன்செய் கொல்லன், அறுவை வாணிகன், மருத்துவன் என்று அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையே அவர்கள் பெயரின் முன் நின்று காவல் செய்கிறது.

நமக்கு அண்மையிலுள்ள இரண்டு உதாரணங்களைக் காட்டுகிறேன். கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைப் பரணரும் பாடியிருக்கிறார், வன்பரணரும் பாடியிருக்கிறார். பரணர் ஓரியின் காட்டையும் மலையையும் தம் அகப்பாடல்களில் உவமையாக எடுத்தாள்கிறார். வன்பரணரோ காட்டில் வேடன் ஒருவன் எய்த ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து உடும்பிலே சென்று செறிந்ததைக் கண்டு, அவன் ஓரியே என்று தெளிந்து, அவனுடைய கொடையைத் துய்த்த அனுபவத்தைப் புறப்பாட்டாக்குகிறார். இவ்விருவரையும் காத்து நிற்பது வன் என்னும் ஓரசை. அது ஏட்டில் சிதைந்திருந்தால் ஓரியின் விருந்தினராகிய அந்தப் பாணர் குலத்து நண்பர், பெரும்புலவர் பரணரின் நிழலில் முற்றும் மறைந்திருப்பார்.

காவிரியின் அக்கரையில், கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவர்க்குச் செய்வித்த கற்படுக்கையின் மேல், தமிழ் பிராமி எழுத்தில் சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. தொகைநூல்களிலும் பெருங்கடுங்கோ, இளங்கடுங்கோ என்னும் புலவர் இருவர் உளர். முன்னவரைப் பாலை பாடியவர் என்றும் பின்னவரை மருதம் பாடியவர் என்றும், அவர்கள் பாடிய திணையாலேயே சான்றோர் பிரித்தனர். கல்லில் உள்ள இருவரும் ஏட்டில் உள்ள இருவரும் ஒருவரேயா என்பதில் அறிஞர் அபிப்பிராயம் வேறுபடுகிறது. பெயர் ஒத்தல் ஒரு தொடக்கமேயன்றி முடிவு அன்று என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

எழினியர்

இனி எழினியரிடம் வருவோம். சங்க நூல்களில் இப்பெயர் வருமிடங்களை ஒருங்கு வைத்துப் பார்த்தால், ஒன்றோடொன்று எளிதில் பொருந்தாத உருவங்கள் பல நம் முன் எழுகின்றன.

முதலில், தகடூர் அதியர் குடித் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. புறநானூற்றில் அவனை ஔவையார் மூன்று பாட்டுக்களில் பாடுகிறார். அவற்றுள் ஒன்றில் உப்பு வாணிகர் வண்டியைக் காட்டுகிறார்: மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும் பாரவண்டிக்கு எந்த இடத்தில் என்ன நேருமோ என்று எண்ணி, உமணர் அடியிலே ஒரு சேம அச்சைக் கட்டி வைத்திருப்பார்களாம், பொகுட்டெழினி அத்தகையவன். தந்தையாகிய அச்சு முறியும் நாளில் குடியைத் தாங்குவதற்கென்று காத்திருப்பவன் மகன் என்னும் உண்மையை, உப்பு வண்டிகள் ஊர்ந்த வழியையெல்லாம் அறிந்த ஒருவராலேயே இவ்வாறு சொல்ல முடியும். மற்றொரு பாட்டிலே, கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்த முன்னோரின் வழித்தோன்றல் என்று அவனைக் குலத்தோடு சேர்த்துப் புகழ்கிறார். இவ்வளவு தெளிவாக உருவம் பெற்ற எழினி வேறு ஒருவனும் இல்லை.

இரண்டாவது, அரிசில்கிழார் இரங்கிப் பாடிய எழினி. அவனுடைய ஆட்சியில் கன்றுகளோடு கூடிய ஆனிரை காட்டிலேயே அச்சமின்றித் தங்கின. வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் உறங்கினர். களத்தில் குவித்த நெல் காவலின்றிக் கிடந்தது. அத்தகையவன் போரில் வீழ்ந்தபோது, புலவர் கூற்றுவனையே நோக்கி, விதைநெல்லைத் தின்றுவிட்ட வறிய உழவனின் பேதைமையை நீயும் செய்தாய், இவனை விட்டுவைத்திருந்தால் இவன் கொல்லும் பகைவர் உயிர் பலவற்றை உண்டு நிறைந்திருப்பாயே என்று இடித்துரைக்கிறார். பாட்டினுள் எழினி என்னும் பெயர் இருக்கிறது. தகடூர்ப் போரில் வீழ்ந்தான் என்னும் செய்தியோ பாட்டின் அடியில் பின்னர் எழுதிய குறிப்பாகிய கொளுவில் இருக்கிறது. தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவரும் இதே அரிசில்கிழாரே. வென்றவனைப் பாடிய வாயால் வீழ்ந்தவனுக்காக அழுத அந்தப் புலவரின் உள்ளப் பெருமையை எண்ணும்போது, அவர் அழுதது யாருக்காக என்பதை அறிய வேண்டிய கடமை நமக்கு மிகுகிறது. அவன் அஞ்சியேயா, அவன் மகனா, அக்குடியைச் சேர்ந்த வேறொருவனா என்பதில் உரையாசிரியரும் ஆராய்ச்சியாளரும் ஒருமைப்படவில்லை.

மூன்றாவது, பெருஞ்சித்திரனார் வள்ளல்கள் எழுவரை வரிசைப்படுத்தும் பாட்டில், கூவிளங் கண்ணி சூடியவனாக, குதிரைமலைக்கு உரியவனாக நிற்கும் எழினி. சிறுபாணாற்றுப்படையும் எழுவரை வரிசைப்படுத்துகிறது. இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டால் பாரி, ஓரி, காரி, பேகன், ஆய், நள்ளி என்னும் அறுவர் இரண்டிலும் வருகின்றனர். ஒன்றில் எழினி நிற்கும் இடத்தில் மற்றதில் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதிகன் நிற்கிறான். எனவே இங்கே எழினி என்பது அஞ்சியையே குறிக்கும் என்று கொள்வதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. அவ்வாறு கொண்டால் எழினி என்பது தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாக வழங்கிய குடிப்பெயர் என்று தெளிவாகும். தகடூரில் வீழ்ந்தவன் யார் என்னும் வினா அதனால் எளிதாகாமல் இன்னும் நுட்பமாகிறது.

நான்காவது, தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து நின்ற எழுவருள் ஒருவனாக அகநானூற்றில் நக்கீரர் குறிக்கும் எழினி. சேரனும் சோழனும் திதியனும் எருமையூரனும் இருங்கோவேண்மானும் பொருநனும் அவனுக்குத் துணை. ஏழு குடைகளும் ஒரு பகலில் வீழ்ந்த அந்தப் போரில், இவன் பொன்னணி பூண்டு யானைமேல் வந்தான் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்தாவது எழினியின் கதை நெஞ்சை வருத்துவது. சோழன் யானை வேட்டையாடிய நாளில் உடன் வராதிருந்தான் என்பதற்காக, மத்தி என்னும் தலைவன் ஏவல் பெற்று, நெடுந்தொலைவு சென்று அவனைப் பற்றி, அவன் பல்லைப் பிடுங்கி வெண்மணி என்னும் ஊரின் வாயிற்கதவில் பதித்தான் என்று மாமூலனார் கூறுகிறார். ஒரு நாள் வரவில்லை என்பது குற்றம். ஊரார் நாளும் திறந்து மூடும் கதவில் மானம் அறையப்பட்டது தண்டனை. அஞ்சியின் வீரத்தையும் பொகுட்டெழினியின் இளமையையும் படித்து மகிழ்ந்த நாம், இவனையும் அவர்களோடு சேர்த்து ஒருவனாக்கிவிட்டால், இவன் பட்ட அவமானம் ஒரு பெரிய வாழ்க்கையின் சிறிய நிகழ்ச்சியாகிவிடும். தனியே நிறுத்தினால்தான் பேரரசரின் சினத்துக்கு ஆளான சிறு தலைவரின் நிலை எத்தகையது என்பது விளங்கும்.

ஆறாவது, வாட்டாற்று எழினியாதன். அவனைப் புகழ்ந்து பாடியவர் மாங்குடி கிழார். வாட்டாறு என்பது தென்கோடியிலுள்ள திருவட்டாறு என்பது அறிஞர் பலர் கருத்து. அங்ஙனமாயின் தகடூருக்கும் அவனுக்கும் இடையே தமிழகத்தின் நீளமே கிடக்கிறது. ஊர் என்னும் ஓர் அடை இருந்ததனால் இவனை ஒருவரும் அதியர் குடியில் சேர்த்துக் குழப்பவில்லை. இதில் ஒரு சுவையான முரணும் உண்டு: இவனைப் பாடிய மாங்குடி கிழாரும், மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரும் ஒருவரே என்று பலர் கொள்கின்றனர். பாடப்பட்டோர் பக்கம் ஒரு பெயரில் பலர். பாடியவர் பக்கம் பல பெயரில் ஒருவர்.

கல்லில் தொடர்ந்த பெயர்

சங்க காலத்தோடு இப்பெயர்கள் ஓய்ந்துவிடவில்லை. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த பள்ளியைக் கூறுவதோடு, அவனைச் சதியபுதோ என்றும் அழைக்கிறது. அசோகனின் பாறைச் சாசனம் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துக் கூறும் சத்தியபுத்திரர் யாவர் என்று நெடுங்காலம் நடந்த விவாதம் அந்த ஒரு வரியால் பெரிதும் தெளிந்தது. பெயரோடு அடைமொழி ஒட்டி நின்றதனால் விளைந்த பெரும்பயன் அது.

இந்த நகரின் நடுவில் நிற்கும் மலையைப் பாருங்கள். ஒருபுறம் அரங்கநாதரும் மறுபுறம் நரசிம்மரும் எழுந்தருளியிருக்கும் குடைவரைகளை நாம் நாள்தோறும் வணங்குகிறோம். அரங்கநாதர் குடைவரைக்கு அங்குள்ள கல்வெட்டு கூறும் பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம். அதனைச் செய்வித்தவன் அதியர் மரபினனாகிய குணசீலன். ஔவை பாடிய குடியின் பெயர், பல நூற்றாண்டுகள் கழித்து, கிரந்த எழுத்தில் நம் ஊர் மலையிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. போளூரை அடுத்த திருமலையிலோ, வஞ்சியர் குலத்து எழினி முன்னாளில் செய்வித்த யட்ச, யட்சியர் திருவுருவங்கள் பழுதுபட்டிருந்தமையால், தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுக்கினான் என்று ஒரு சோழர் காலக் கல்வெட்டு கூறுகிறது. தன் முன்னோன் ஒருவனை எழினி என்னும் பழம்பெயரால் நினைந்து போற்றிய அந்தத் தலைவனுக்கு, அந்த எழினி எந்த எழினி என்பது தெரிந்திருக்கலாம். நாமோ அவனைச் சங்க எழினியருள் ஒருவனோடு அவசரப்பட்டு இணைத்துவிடாமல், ஏழாமவனாக நிறுத்தி வைப்பதே நேர்மை.

இருவகைப் பிழை

ஒரே பெயருடையாரை ஆராயும்போது நேரும் பிழைகள் இருவகை. பலரை ஒருவராக்குவது ஒன்று; ஒருவரைப் பலராக்குவது மற்றொன்று. அஞ்சியோடு அமர்ந்து கள்ளுண்டு, அவன் இறந்தபோது நெஞ்சுருகி அழுத சங்க கால ஔவையாரையும், பல நூற்றாண்டுகள் பின்னர்ச் சிறுவர்க்கு ஆத்திசூடி அருளிய ஔவையாரையும், விநாயகர் அகவல் பாடிய யோகநெறி ஔவையாரையும் ஒரே மூதாட்டியாக்கி மகிழ்வது நாட்டு மக்களின் இயல்பு. 1953-இல் வெளிவந்த திரைப்படத்தில் கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார் அந்த ஒரே மூதாட்டியாகவே தோன்றி, நம் காவிரிக்கரைக் குரலால் தமிழுலகை உருக்கினார். அந்த அன்பைக் குறைகூற எனக்கு மனம் இல்லை. ஆயினும் அந்த இணைப்பினால், அரசனிடம் தோழமையோடு உரிமை பாராட்டிய ஒரு பாண்மகளின் சுதந்திரமான உருவம் பொதுமக்கள் நினைவிலிருந்து நீங்கிற்று என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. பைலமெனீஸை இருவராக்கியவர் செய்தது மறுவகை. கவியின் மறதியை மறைப்பதற்காக, சான்று வேறு இல்லாத ஒருவனை அவர்கள் படைத்தனர்.

இரண்டு பிழைகளுக்கும் மருந்து ஒன்றே. பெயரைக் கண்டவுடன் தீர்மானியாமல், அவன் ஊர் எது, குடி எது, பகைவர் யார், பாடிய புலவர் யார் என்னும் நான்கையும் கேட்க வேண்டும். அச்செய்தி பாட்டிலே இருக்கிறதா, பின்னர் எழுதிய கொளுவிலே இருக்கிறதா என்பதையும் நோக்க வேண்டும். நான்கும் ஒத்தால் ஒருவர் எனலாம். முரண்பட்டால் இருவர் எனலாம். சான்று போதாதபோது, இவர் ஐயத்துக்குரியவர் என்று குறித்து வைப்பதே அறிவுடைமை. ஐயத்தை ஐயமாகவே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதும் ஒரு கொடையே. ஜம்பைக் கல்வெட்டு போன்ற ஒன்று நாளை மண்ணிலிருந்து வெளிப்பட்டால், அதனைப் பொருத்திப் பார்ப்பதற்கு இடம் வெறுமையாக இருக்க வேண்டுமல்லவா?

இதற்காக இவ்வளவு உழைப்பு ஏன் என்று சிலர் கேட்கலாம். பேரரசர்க்குக் கோயில்களும் மெய்க்கீர்த்திகளும் உண்டு. ஓரிக்குக் கொல்லிமலைச் செம்மேட்டில் சிலையும் ஆடி மாதத்து விழாவும் உண்டு. எழினியர் சிலர்க்கோ ஓர் அடியன்றி வேறு நினைவுச் சின்னம் இல்லை. அந்த ஓர் அடியையும் பெரியவன் ஒருவனின் கணக்கில் எழுதிவிட்டால் அவர்கள் மீண்டும் ஒருமுறை இறந்தவர் ஆவர். ஒரு சமுதாயத்தின் சரித்திர உணர்ச்சி, அது பெரியோரை எவ்வளவு புகழ்கிறது என்பதனால் அன்று, சிறியோரை எவ்வளவு கவனமாகப் பிரித்தறிகிறது என்பதனாலேயே அளக்கப்படும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆதலால் இங்குள்ள தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களோடு சம்பந்தமுடைய சங்க காலப் பெயர்களை, ஓரி, காரி, அஞ்சி, எழினி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அப்பெயர் வரும் பாட்டையும் கொளுவையும் கல்வெட்டையும் தனித்தனியே குறித்து, ஒப்புமையையும் முரணையும் அருகருகே காட்டும் அகராதி ஒன்றைத் தொகுக்கத் தொடங்குங்கள். சிறுபாணாற்றுப்படை காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் சொல்கிறது. அக்குதிரைகளுக்கும் அந்த அகராதியில் தனி இடம் கொடுங்கள். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றியபோது பாடினோர், பாடப்பட்டோர் வரலாறுகளைத் தொகுத்துக் கொடுத்து இந்தப் பணிக்கு வழிகாட்டியிருக்கிறார். நம் வட்டாரத்தளவில் அதனை நிறைவாக்குவது நம் பொறுப்பு. இந்த அறக்கட்டளையின் சொற்பொழிவுகள் ஆண்டுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொண்டாலும் அப்பணி வளரும். எழினி என்னும் பெயருக்குரிய ஏழு குறிப்புகளையும் அதன் முதற்பக்கமாக இன்று இந்த அவையிடம் ஒப்படைக்கிறேன்.